தலைக்குப் பின்னால் எரிமலை

பதினேழு வருஷம் எரிமலையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட ஓர் எரிமலையைக் கண்ணால் கண்டதில்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லால் ஆன தட்டை நிலம். கீரிமலை என்று பெயர் வைத்த இடத்தில்கூடக் கடல்தான் இருக்கிறது. மலையே இல்லாத ஊரில் எரிமலைக்கு எங்கே போவது?

வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில், ஆக்லாந்து நகரத்தின் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில், மச்சானிடம் இரவல் வாங்கிய கழுத்துப்பட்டியோடு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, "தெற்கே மேட்டுநில எரிமலைப் பிரதேசத்துக்குப் போயிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, "வருஷாவருஷம் போகிறேன்" என்று சொன்னேன். ஒரு தடவை என்று சொல்லியிருந்தாலே போதும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு அளவு தெரியாது. உப்புப் போடத் தெரியாதவன் கறி சமைத்தது மாதிரி.

கேட்டவர் அந்தப் பள்ளிக்கூட அதிபர். ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலால் பார்ப்பவர். என்னுடைய பட்டத்தையும் சான்றிதழ்களையும் அவர் மேசையில் பரப்பி வைத்திருந்தார். அவை ஏற்கெனவே பல அலுவலகங்களில் பரப்பப்பட்டவை. மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாளால் உயிர் பிழைத்திருந்தன. எல்லா இடத்திலும் ஒரே பதில்: நல்ல தகுதி, ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லை. உள்ளூர் அனுபவம் உள்ளூரில் வேலை செய்தால்தான் வரும். வேலை உள்ளூர் அனுபவம் இருந்தால்தான் வரும். நாலு வருஷமாக நான் இந்த வட்டத்தின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தேன். அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே உள்ளூர் அனுபவம், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சமையல்கூடத்தில் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. இடது மேல் மூலையில் பாண், அதன் கீழே வெண்ணெய், வலது பக்கம் கத்தியும் முள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று எண்ணுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன்.

"அங்கே உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்று அதிபர் கேட்டார்.

"காற்று" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் அடுத்த புதன்கிழமை வாருங்கள். ஐந்தாம் படிவத்துக்கு அரை மணி நேரம் பாடம் எடுங்கள். அந்த இடத்தைப் பற்றியே எடுங்கள். நீங்கள் எடுத்த படங்கள் இருக்கும்தானே?"

"ஒரு பெட்டி நிறைய."

அப்போதே எழுந்து, "மன்னிக்க வேண்டும், நான் எங்கும் போனதில்லை" என்று சொல்லியிருக்கலாம். நேர்மையான மனிதன் அப்படித்தான் செய்திருப்பான். நான் நேர்மையாக இருந்துதான் நாலு வருஷம் தட்டு அடுக்கியிருந்தேன். அன்றைக்குக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. நான் ஆசிரியன். அதை ஒரு காகிதம் மறுத்தால் காகிதம்தான் பிழை. அந்தத் திமிர் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

கிளென் ஈடனுக்குத் திரும்பி வந்து வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது வயது மகள் ஆங்கிலத்தில், "அப்பா, அது பொய்" என்றாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்கும். தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமலே சொன்னாள்: "பொய் சொல்லத் தெரியாத மனுசன் ஏன் சொல்லப் போனீங்கள்? சரி, சொல்லியாச்சு. இனி அதை உண்மையாக்கிறதுதான் வழி. எப்ப போறம்?"

அந்த வாரக் கடைசி தொழிலாளர் தின விடுமுறை, திங்களும் லீவு. ஆனால் ஞாயிறு மாதத்துக்கு ஒரு தரம் வரும் தமிழ் ஆராதனை, மனைவி பாடகர் குழுவில் முதல் வரிசை. அவள் இல்லாவிட்டால் உச்ச சுரத்தில் பாட்டு அறுந்து விழும் என்பது சபைக்கே தெரியும். அவள் தொலைபேசியை எடுத்து, "இந்தக் கிழமை எனக்குத் தொண்டை சரியில்லை" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப ரெண்டு பொய். சந்தோசமே?"

போவதற்கு வாகனம் வேண்டும். என்னுடைய கார் கிளென் ஈடன் மேட்டிலேயே பெருமூச்சு விடும். மனைவியின் தம்பியிடம் ஒரு ஜப்பான் வான் இருந்தது. பாபடோயிட்டோயில் வீடு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, கலியாணம் ஆகவில்லை, ஒரு நாய். எனக்குத் தட்டு அடுக்கும் வேலை எடுத்துத் தந்தவனும் அவன்தான்.

"அத்தான், உந்தப் பள்ளிக்கூட யோசனையை விடுங்கோ" என்றான் தொலைபேசியில். "உங்கட கிச்சன்ல சூப்பர்வைசர் இடம் ஒண்டு வருதாம். நான் கதைச்சு வைச்சிருக்கிறன். இங்கத்தைப் பெடியள் சொல்வழி கேளாதுகள். உங்களுக்கு ஏன் உந்தக் கரைச்சல்?"

"வான் தாறியோ, இல்லையோ?"

"நானில்லாமல் வான் வராது" என்றான். "அதோட அக்கா புட்டு அவிக்கிறாவெண்டால் நான் வாறன்."

இங்கே வாசிப்பவருக்கு ஒரு சந்தேகம் வரலாம். ஆக்லாந்து நகரமே ஐம்பது எரிமலை வாய்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அது புவியியல் வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் குன்றுகளில் பசு மேய்கிறது. உச்சியில் கார் நிறுத்துகிறார்கள், ஐஸ்கிரீம் நக்குகிறார்கள். பதினேழு வருஷம் நான் கரும்பலகையில் வரைந்த எரிமலை அப்படிப்பட்டதல்ல. சிவப்பு வெண்கட்டியால் நடுவில் குழாய், மஞ்சளால் தீப்பொறி, வெள்ளையால் புகை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சிவப்பு வெண்கட்டி கிடைக்காது. இருந்த ஒரு துண்டைச் சட்டைப்பையில் கைக்குட்டையில் சுற்றி வைத்து எரிமலைப் பாடத்துக்கு மட்டும் எடுப்பேன். அப்படிப் பொத்திக் காத்த எரிமலைக்குப் பதிலாகப் பசு மேயும் புல்மேட்டை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதோடு, நான் போனதாகச் சொன்னது தெற்கே நாலரை மணி நேரத் தூரத்து மேட்டுநிலம். பொய்க்கு விசுவாசமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். முப்பத்தாறு படம் பிடிக்கும் புதுச் சுருள் ஒன்று வாங்கி, கமராவை மச்சானின் கையில் கொடுத்தேன். எனக்குப் படம் எடுக்கக் கை நடுங்கும். தெளிவாகச் சொல்லியும் வைத்தேன்: "தம்பி, இது பாடத்துக்கு. மலை, கல்லு, சாம்பல். விளங்கிச்சோ?"

"ஓம் அத்தான், விளங்கிச்சு."

விளங்கியிருக்கவில்லை. அதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: ஆளில்லாத படம் வீண். படம் எடுப்பதே தபாலில் போடத்தான். ஒரு பிரதி ஊருக்கு, ஒன்று லண்டனுக்கு, ஒன்று டொராண்டோவுக்கு. அங்கே அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள் யார் மெலிந்திருக்கிறார்கள், யாருக்கு நரைத்திருக்கிறது, கழுத்தில் சங்கிலி கிடக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மலையையும் கல்லையும் மட்டும் அனுப்பினால், "ஏன், ஆக்களுக்கு என்ன நடந்தது?" என்று பதில் கடிதம் வரும்.

டௌப்போ ஏரிக்கரையில் வானை நிறுத்தினோம். அந்த ஏரியே ஒரு பழைய எரிமலையின் வாய். அக்கரை தெரியாத அளவு பெரிய வாய். கரையெங்கும் நுரைக்கல் கிடந்தது. மகள் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள்; அது மிதந்தது. இன்னொன்றை எறிந்தாள், அதுவும் மிதந்தது. அவள் முகத்தில், வீட்டில் எனக்குப் பார்க்கக் கிடைக்காத ஒரு வெளிச்சம்.

"கல்லு ஏன் மிதக்குது?" தமிழில் கேட்டாள். மறந்துபோய்க் கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் நின்ற நிலையிலேயே வகுப்பைத் தொடங்கினேன். குழம்பு கொதிக்கும்போது காற்று உள்ளே அகப்பட்டு, அப்படியே இறுகி... மூன்றாவது வசனத்தில் மச்சான் கத்தினான்: "அத்தான், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இஞ்சாலை நில்லுங்கோ! அக்கா, சால்வையைச் சரிசெய்!"

நாங்கள் போய் நின்றோம். நானும்தான். கைகளைப் பக்கத்தில் நேராக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி. கமராவைக் கண்டால் எங்களுக்கு உடம்பு தானாக நிமிரும். அன்றைக்குப் பதினாலு படம் போயிற்று. டுராங்கியில் ஒரு மோட்டல் வாசலில் இன்னும் மூன்று.

ஞாயிறு காலை டெசர்ட் ரோடு என்ற பாலைவனச் சாலையில் ஏறினபோது மழை. நம்முடைய பழைய புலவர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்து வைத்தார்கள். பாலையில் மழை பெய்யும் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை. கபில நிற மண், சாம்பல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து போன புல். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் மூன்று எரிமலைகள் நிற்க வேண்டிய இடத்தில் ஈரமான பஞ்சுமூட்டைகள் அடுக்கி வைத்த மாதிரி மேகம்.

"எங்க அத்தான் மலை?" என்றான் மச்சான்.

"உதுக்குப் பின்னால."

"வருசாவருசம் வாற உங்களுக்குத் தெரியும்தானே" என்றான். பின்சீட்டில் மகள் சிரித்தாள். நான் திரும்பவில்லை.

ஒரு வளைவில், சாலையிலிருந்து ஐம்பது அடி தள்ளி, ஒரு புகைக்கூண்டு தனியாக நின்றது. கல்லால் கட்டிய புகைக்கூண்டும் அதன் கீழே ஓர் அடுப்பும். வீடு இல்லை. சுவர்கள் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கற்கள். சாலை போட வந்தவர்கள் தங்கிய குடிலாக இருக்கலாம். ஆடு மேய்த்தவர்களுடையதாக இருக்கலாம். பலகை ஒன்றும் இல்லை. மழை ஓய்ந்திருந்ததால் இறங்கிப் போனோம்.

மனைவி அந்தக் கற்களைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். வாசல் இருந்த இடத்தை அவளுடைய கால் தானாகக் கண்டுபிடித்தது. சுவரைத் தாண்டி எங்கும் மிதிக்கலாம், ஆனால் அவள் வாசலால்தான் உள்ளே போனாள்.

"இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றாள். "எங்கட வீடும் இப்ப இப்பிடித்தான் நிக்கும்."

எங்களுடைய வீட்டின் மேல் குண்டு விழுந்த செய்தி கடிதத்தில்தான் வந்தது. படம் வரவில்லை. ஆளில்லாத இடத்தை யார் படம் எடுப்பார்கள்?

பிறகு அவள் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு, "டேய், கூடையை எடுத்துக்கொண்டு வா" என்று தம்பியிடம் சொன்னாள். அந்த அடுப்புக் கல்லைக் கையால் தட்டித் துடைத்து, அதன் மேல் புட்டுப் பாத்திரத்தை வைத்தாள். சம்பல், முட்டைப் பொரியல், தேத்தண்ணிப் போத்தல். "அடுப்பு இருக்குத்தானே. அடுப்பு இருந்தா வீடுதான். இருங்கோ, சாப்பிடுங்கோ."

கூரையில்லாத அந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். காற்று அடித்த அடியில் சம்பலில் எரிமலைச் சாம்பல் விழுந்தது. நான் அதிபருக்குச் சொன்ன பதில்களில் ஒன்றாவது உண்மை என்பது அப்போதுதான் தெரிந்தது: அந்த இடத்தின் காற்று அபாரம்.

சாப்பிட்டு முடித்ததும் நான் எழுந்து நின்று பாடத்தை ஒத்திகை பார்த்தேன். மலை தெரியாத திசையில் கையை நீட்டி, இந்த மண் எப்போது எங்கிருந்து வந்தது, ஏன் இங்கே மரம் வளரவில்லை, மழை பெய்தும் இது ஏன் பாலையாகக் கிடக்கிறது என்றெல்லாம். பெய்கிற தண்ணீரை இந்தத் துளை மண் பிடித்து வைக்காது, காற்றும் பனியும் வேர் பிடிக்க விடாது என்று சொல்லி வந்தபோது மகள் கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துகிற மாதிரியே.

"நீங்க பாக்கவே இல்லையே. பிறகு எப்படித் தெரியும்?"

மச்சான் புட்டை வாயில் வைத்தபடி சிரிப்பை அடக்கினான். எனக்குக் கோபம் வந்தது. கேள்வியில் அல்ல, அது நியாயமான கேள்வி என்பதில்.

"உன்னைப் பெறுகிறதுக்கு முதலே நீ எப்பிடி இருப்பாய் எண்டு உன்ர அம்மா சொன்னவ" என்றேன். "மூக்கு மட்டும்தான் பிழைச்சது. தெரியிறதுக்குப் படிக்க வேணும். பாக்கிறது சரிபிழை பாக்க."

அவள் யோசித்தாள். "ஓகே" என்றாள். அது ஆங்கிலமா தமிழா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனபோது சாலையோரம் ஒரு பெரிய பலகை. இராணுவப் பயிற்சி நிலம், சாலையை விட்டு இறங்காதே, வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம். மகள்தான் உரக்க வாசித்தாள். மனைவி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"ஷெல்லுக்குப் பயந்து உலகத்தின்ர கடைசிக்கு வந்தம். இஞ்சயும் ஷெல்லோ?"

"இது பழகிறதுக்கு, அக்கா" என்றான் மச்சான்.

"அவங்களும் அப்பிடித்தான் சொன்னவங்கள்."

மேகம் ஓர் ஓரத்தில் வெளுப்பது போலிருந்ததால் பலகையைத் தாண்டி ஒரு சரளைத் தரிப்பிடத்தில் வானை நிறுத்தினோம். படச்சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம். அதை மலைக்காக, மலைக்கு மட்டும், என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். இருபது நிமிஷம் காத்திருந்தோம். மலைக்குப் பதிலாக ஒரு பச்சை ஜீப் வந்தது.

அது எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. சீருடையில் ஓர் இளைஞன் இறங்கினான்.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. மச்சான் பட்டப்பகலில் வானின் உள்விளக்கைப் போட்டான். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைத்தான். நான் வாகன ஓட்டுநர் அட்டையை எடுத்துவிட்டேன், நான் ஓட்டவே இல்லை. மனைவி கைப்பையைத் திறந்து மடியில் சரித்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி வைத்தாள். நாலு வருஷமாக இந்த நாட்டில் ஒருவரும் எங்களை நிறுத்திக் கேட்டதில்லை. ஆனால் ஊர்ச் சோதனைச்சாவடிகளில் பழகிய கை, யாரும் கேட்காமலே போயிற்று. மகள் எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குச் சொன்னதில்லை.

அந்தப் பையன் ஜன்னலுக்குள் குனிந்து, நீட்டிய அட்டையைக் குழப்பத்தோடு பார்த்தான். "டயர் ஏதும் போய்விட்டதா? உதவி வேண்டுமா?" என்று கேட்டான்.

இல்லை, மலை பார்க்க வந்தோம் என்றேன்.

"நல்ல நாள்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்" என்றான், மேகத்தைப் பார்த்து. அந்த நொடியில்தான் மேகம் கிழிந்தது. திரை விலக்கிய மாதிரி இல்லை. யாரோ போர்வையை உதறி இழுத்த மாதிரி. கறுப்பு அடிவாரம், மேலே பனி, அதற்கும் மேலே சாம்பல் படிந்த விளிம்பு. என் கரும்பலகைப் படத்தில் இருந்ததைவிட அகலம். புகை இல்லை, சிவப்பு இல்லை, மஞ்சள் தீப்பொறி ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் நான் போட்ட குழாய். இறங்கி நின்றேன்.

"தம்பி, எடு! கெதியா எடு!"

மச்சான் கமராவைத் தூக்கினான். மனைவி அவன் கையிலிருந்து அதைப் பறித்தாள். நேரே போய் அந்த இராணுவப் பையனிடம் நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எங்களை ஒரு படம் எடுத்து விடச் சொல்லுங்கோ."

"அது மலைக்கு..." என்றேன்.

"எத்தினை ஆமிக்காரர் எங்களை நிப்பாட்டி வைச்சவங்கள்? எத்தினை மணித்தியாலம், எந்த வெயில்ல? இண்டைக்கு ஒருத்தன் எங்களை நிப்பாட்டிப் படம் எடுத்துத் தரட்டும். வாங்கோ, வந்து நில்லுங்கோ."

நான் போய் நின்றேன். உலகத்தில் எந்த மலைக்காகவும் அந்த வரிசையை விட்டு நான் விலகியிருக்க மாட்டேன். பையன் சிரித்துக்கொண்டே, "இன்னும் நெருங்கி, இன்னும் நெருங்கி" என்றான். அழுத்தினான். சுருள் தானாகச் சுற்றிக்கொண்டது. நாலு நிமிஷத்தில் மேகம் மூடியது.

செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து படங்களை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முப்பத்தாறு படம், முப்பத்தாறிலும் நாங்கள். ஏரியை மறைத்துக்கொண்டு மனைவி. பாலைவனத்தை மறைத்துக்கொண்டு வான், வானில் சாய்ந்துகொண்டு மச்சான். புகைக்கூண்டின் முன்னால் நாங்கள் மூன்று பேரும், கையில் புட்டு. கடைசிப் படத்தில் பையன் நெருங்கி நெருங்கி எங்கள் நாலு தலைகளையும் சட்டகம் நிறைய எடுத்திருந்தான். மலையின் உச்சி சரியாக என் தலைக்குப் பின்னால் இருந்தது. முன் வழுக்கையின் மேலாக ஒரு துண்டு மேகம் மட்டும் ஆவி மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நல்லா வந்திருக்கினம்" என்றாள் மனைவி. "மூண்டு பிரதி அடியுங்கோ."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று மகள் கேட்டாள். தமிழில், வேண்டுமென்றே.

புதன்கிழமை போனேன். அதே கழுத்துப்பட்டி. முப்பது பிள்ளைகள், பின்வரிசை வாங்கில் அதிபர், மூக்கு நுனியில் கண்ணாடி. அந்தக் கடைசிப் படத்தை முதல் வரிசையில் கொடுத்துக் கைமாற்றச் சொன்னேன். மூன்றாவது மேசையில் சிரிப்புத் தொடங்கியது. ஆறாவது மேசையில் ஒரு பெண் பிள்ளை, "சார், உங்கள் தலை வெடிக்கப் போகிறது" என்றாள். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கிற வகுப்பு எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதன் முன்னால் நிற்க எனக்கு ஒரு காகிதமும் தேவையில்லை.

"சரியாகச் சொன்னாய்" என்றேன். "இதுதான் மலை." என் தலையைத் தொட்டுக் காட்டினேன். "மற்றதை நான் போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முதலாகப் பார்த்தேன். நாலு நிமிஷம். வருஷாவருஷம் போவதாக உங்கள் அதிபரிடம் சொன்னது பொய். பதினேழு வருஷம் அதைப் படிப்பித்தேன் என்பது பொய் இல்லை. இனிக் கேள்வி கேளுங்கள். தெரியாவிட்டால் கதவால் வெளியே போய்விடுகிறேன்."

பின்வரிசையை நான் பார்க்கவில்லை. திரும்பிக் கரும்பலகையில் வரைந்தேன். சிவப்பு வெண்கட்டி ஒரு பெட்டி நிறைய இருந்தது. கையை எடுக்காமல் ஒரே இழுவையில் கூம்பு, குழாய், கிளைக்குழாய், கீழே அறை. யாழ்ப்பாணத்தில் அந்த இழுவைக்குக் கைதட்டுவார்கள். இங்கே தட்டவில்லை, ஆனால் சிரிப்பு நின்றது. பிறகு கேள்விகள் வந்தன. மச்சான் வானில் சாய்ந்து நிற்கும் படத்தில் அவன் காலடிச் சாம்பலின் கனத்தை அவனுடைய சப்பாத்தால் அளந்தோம். மனைவியின் சால்வை பறக்கும் திசையில் காற்றைக் கண்டுபிடித்தோம். அரை மணி நேரம் முடிந்தும் பதினைந்து நிமிஷம் போயிற்று. கதவால் போக வேண்டிய தேவை வரவில்லை.

அடுத்த வருஷம் அந்த மலை உண்மையாகவே வெடித்துச் சாம்பலைத் தூவியது. நான் அதைத் தாமதமான சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

அன்று பாடம் முடிந்ததும் நடைபாதையில் அதிபர் என்னை நிறுத்தினார். "பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். சற்று நின்று, "காற்று என்று சொன்னீர்களே, அதை நம்பினேன்" என்றார். ஒரு தவணைக்கு வேலை, பிறகு பார்க்கலாம். ஒரே ஒரு சிக்கல்: வழக்கமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் மேட்டுநிலப் பயணத்தை இந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு தூரம் பஸ் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எரிமலை ஏதாவது கண்டுபிடிப்பது என் முதல் வேலை.

அன்று பின்னேரமே மனைவியோடும் மகளோடும் மச்சான் வீட்டுக்குப் போனேன், கழுத்துப்பட்டியைத் திருப்பிக் கொடுக்க. வென்றவன் போலத்தான் போனேன். சூப்பர்வைசர் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். இனிப் பக்கத்தில் ஓர் எரிமலைதான் தேட வேண்டும், வரைபடம் எடுத்துப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன்.

மச்சான் நாயின் கழுத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வரைபடம் என்னத்துக்கு அத்தான்? உந்தப் பின்பக்கத்துப் பார்க் எரிமலை வெடிச்ச வாய்தானே. உங்கட பள்ளிக்கூடத்தில இருந்து பத்து நிமிசம். போர்டே போட்டிருக்கு. நான் ஒவ்வொரு பின்னேரமும் நாயோட அதைத்தான் சுத்திறனான்."

கழுத்துப்பட்டியை நீட்டியபடியே கேட்டேன்: "பிறகு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றான். "அதோட அத்தான், அங்க படம் எடுக்க ஒண்டுமில்லை. வெறும் புல்லு."